பலகை கழற்றும் நாள்

இயேசு மரி சூசை துணை

குருநகர்,
தவக்காலம், இரண்டாம் கிழமை

அன்புள்ள ஜெசிதாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் போனில் சொல்வதுபோல "ஓம் ஓம், சுகம்" என்றுதான் எழுதுவீர்கள். கிறகோரி அண்ணையின் மகன் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறான். அவனிடம் கருவாடும் ஒடியல் மாவும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டை அறையில் இருக்கிறவர்களுக்கும் கொடுங்கள். கடிதத்தை நீங்கள் மட்டும் படியுங்கள்.

போன் இருக்கிறபோது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். மீன் விலையைப் பற்றிக் கதைக்கும்போது உங்களுக்கு லைன் இருக்கிறது. பிள்ளையின் பரீட்சைப் புள்ளியைக் கேட்கும்போதும் இருக்கிறது. வீடு என்ற சொல் என் வாயிலிருந்து வந்தவுடன் மட்டும் கட்டார் முழுவதும் லைன் போய்விடுகிறது. கடிதத்துக்கு லைன் தேவையில்லை. இதை இடையில் வெட்டவும் முடியாது. ஆகையால் ஆறுதலாக இருந்து கேளுங்கள்.

முதலில் பிள்ளையைப் பற்றி. அவள் இன்னும் வலைக்கொட்டிலில்தான் படுக்கிறாள். நானும் அவளோடுதான். கிடுகும் பனைமரச் சலாகையும் தலையில் விழுந்தாலும் சாகமாட்டோம் என்பது அவளுடைய கணக்கு. அன்றைக்கு மழைக்குள் மத்தியானம் கூரையின் கொங்கிறீற்றுக் கட்டி அவளுடைய பாயில் விழுந்ததை நீங்களும் நானும்தான் பார்த்தோம். பூனைக்குட்டி கத்துகிறது என்று அவள் எழும்பி விறாந்தைக்கு ஓடியிராவிட்டால் அதற்குக் கீழேதான் கிடந்திருப்பாள். அடுத்த மாதமே நீங்கள் வெளிநாட்டுக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கு அரைவாசிதான் தெரியும். வகுப்பில் வாசலோரக் கதிரைதான் வேண்டும் என்று ஒரே அடம். கோயிலில் பூசை முடியும்வரை வெளியே வேப்பமரத்தின் கீழ் நிற்பாள். பல்லுக்கொதி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டேன் என்று அழுதாள். சூடு கண்ட பூனை என்பார்களே, அப்படித்தான்.

ஓட்டுக்கூரை போட்டுவிடு, கரைச்சல் முடிந்தது என்று சொல்லாதவர் இல்லை. நான் மாட்டேன் என்றேன். வீட்டுக்கு ஓடு போடலாம். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் யார் ஓடு போடுவது? பிள்ளை ஆயுள் முழுவதும் வாசலிலேயே நிற்கிறதா? அவள் பயமில்லாமல் படுக்கக்கூடிய கொங்கிறீற்றுக் கூரை ஒன்று இந்தக் காணியில் வரவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வீடு அதோடு சேர்ந்து வந்தால் சந்தோசம்.

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டினதற்குக் கீழே படுத்துப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் கரையில் மட்டும் அந்த வழக்கம் இருந்தது. எங்கள் அப்பா வள்ளம் கட்டும் ஓடாவியாக இருந்த காலத்தில், கட்டினவன் புது வள்ளத்தின் முதல் ஓட்டத்தில் தானும் ஏறவேண்டும். கைபோட்ட எல்லோரும் ஏறாமல் வள்ளம் தண்ணீரில் இறங்காது. அப்பாவுக்கு நீந்தவே தெரியாது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் போய்வந்த கதையைச் சொல்லி நீங்கள் எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறீர்கள்! அந்தப் பகிடிதான் எனக்கு இப்போது உதவியது. வீடு கட்ட வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். கூரைக்கு முட்டுக்கொடுத்த மரங்களையும் பலகையையும் கழற்றுகிற நாளில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நீங்கள் அதற்குக் கீழே படுத்து ஒரு நித்திரை கொள்வீர்களா?

முதலாவது ஆள் ரவுணில் ஏசி போட்ட கந்தோர் வைத்திருப்பவர். பழைய வீட்டை வந்து பார்த்துவிட்டுப் போய், கந்தோரில் கொம்பியூட்டரில் கட்டப்போகிற வீட்டைக் காட்டினார். முற்றத்தில் புல்லும், வாசலில் ஒரு காரும், சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பமும். நாங்கள் யாருமில்லை. நான் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். அதுக்கெல்லாம் உத்தரவாதப் பேப்பர் தருவம் அக்கா என்றார். பேப்பர் வந்து படுக்குமா தம்பி என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அடுத்தவர் பண்டத்தரிப்பிலிருந்து வந்தார். என்னை நம்பேல்லையோ எண்டு கேக்கிறன் என்று கத்தி, தேத்தண்ணியையும் குடிக்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். நம்பினால் நான் ஏன் கேட்கிறேன்?

மூன்றாவது உங்கள் பெரியம்மாவின் மகன் அடைக்கலநாதன். ஓம் மச்சாள், இண்டைக்கே வேணுமெண்டாலும் படுக்கிறன் என்றார். கூரை இன்னும் வானத்தில் இருக்கிறது. அவர் இன்றைக்கே படுக்கிறாராம்! சொந்தம் என்பதால் வாயை மூடிக்கொண்டு, அவர் சாவகச்சேரியில் கட்டின ஒரு வீட்டைப் பார்க்கப் பஸ் ஏறினேன். அந்த வீட்டுப் பெண் நல்லவர். பலகாரம் தந்தார். அடைக்கலநாதன் நல்ல மனிசன், நல்ல மனிசன் என்று நிற்காமல் சொன்னார். அறைக்குள் எட்டிப் பார்த்தால் முகட்டுக்குக் கீழே நாலு மூலைக்கும் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோதானே வெள்ளை கட்டுவார்கள். என்ன விசேசம் என்று கேட்டேன். ஒரு விசேசமும் இல்லைப் பிள்ளை என்று சொல்லிவிட்டு அந்த மனிசி முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அண்ணாந்து பார்த்தேன். கூரையிலிருந்து கொட்டின சுண்ணாம்பும் சீமெந்தும் துணியின் நடுவில் பொதியாகத் தொங்குகிறது. பலகாரத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பப் பஸ் ஏறினேன்.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். சண்டிலிப்பாயில் ஜெயதீபன் என்று ஒருவர். கிட்டத்தட்ட உங்கள் வயது இருக்கும். சரியான வாய். மீசையை நீவாமல் ஒரு சொல் கதைக்கமாட்டார். எங்கள் ஒழுங்கைக்குள் வந்ததும் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். மீன் மணம் ஒத்துவராதாம். குருநகரில் வீடு கட்ட வந்தவருக்கு மீன் மணம் ஒத்துவராதாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் பழைய வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விழுந்த கட்டியில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். துப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். எங்கள் பிள்ளை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மற்ற மூன்று பேருக்கும் அந்தச் சுவரைக் கண்டதும் வாயில் வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா? எந்த விசரன் கட்டினது? ரவுண் ஆள் கேட்டார், பண்டத்தரிப்புக்காரர் கேட்டார், யார் கட்டியது என்று நன்றாகத் தெரிந்த அடைக்கலநாதனும் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஜெசிதா பக்கத்தில் நின்றாள். ஜெயதீபன் கேட்கவில்லை. கையைத் தட்டிவிட்டு, அந்தக் காலத்திலை மணலுக்குச் சனம் பட்ட பாடு என்று மட்டும் சொன்னார். பிள்ளை ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சொல்லவில்லை, தானாகப் போனாள்.

பிறகு நான் என் கேள்வியைக் கேட்டேன். சிரிக்கவில்லை, கோபிக்கவில்லை. மீசையை நீவினார். பலகை கழட்டுற நாளை ஆர் சொல்லுறது என்று திருப்பிக் கேட்டார். நீங்கள்தான் என்றேன். அப்ப படுக்கிறன், மனிசியையும் கூட்டிக்கொண்டு வந்து படுக்கிறன், ஆனால் நீங்கள் அவசரப்படுத்தினால் படுக்கவும் மாட்டன், கட்டவும் மாட்டன் என்றார். அவர் கட்டின வீடுகளில் ஒன்றுக்குப் போய் நான் மழைத்தண்ணீர் வடிந்த கறைகூட இல்லாத முகட்டைப் பார்த்து வந்தது இதற்குப் பிறகுதான். உண்மையைச் சொன்னால் போக முன்னரே முடிவு செய்துவிட்டேன்.

நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருக்கிறது. இரண்டு வருசத்துக்குப் பிறகு இப்போதுதான் சோறு சோறாக ருசிக்கிறது. நீங்களும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். வெயிலுக்குள் தொப்பி இல்லாமல் நிற்கவேண்டாம். மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்திருப்பாளாக.

உங்கள்
பெர்னடெட்


குருநகர்,
வைகாசி, மாதாவின் மாதம்

அன்புள்ள ஜெசிதாவின் அப்பாவுக்கு,

சுகம். இதைத் தபாலில் போடுகிறேன், கோபத்தோடு.

உங்கள் பெரியம்மா உங்களுக்குப் போன் எடுத்து அழுதாராம். அடைக்கலநாதனுக்கு வேலை கொடுக்காதது ஊருக்குள் வெட்கமாம். நீங்கள் எனக்கு ஒரு நீளமான குரல் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். அன்றைக்கு மட்டும் லைன் நன்றாகவே இருந்திருக்கிறது. உங்கள் பெரியம்மாவுக்கு நான் நேரே போய்ச் சொல்லிவிட்டேன். உறவு உறவாக இருக்கட்டும். பெருநாளுக்கு அடைக்கலநாதன் வரட்டும், வயிறு நிறையச் சாப்பாடு போடுகிறேன். என் பிள்ளையின் தலைக்கு மேலே அவரை ஏறவிடமாட்டேன். பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவரே வந்து இறால் இருக்கா பிள்ளை என்று கேட்டார். கொடுத்தேன். அது முடிந்தது. நீங்கள் அதைத் திரும்பக் கிண்டவேண்டாம்.

அத்திவாரம் போட்டாயிற்று. பங்குச் சுவாமி வந்து செபித்து மந்திரித்தார். சுவர் யன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. பழைய வீட்டை உடைத்த அன்று நான் மாமியின் வீட்டுக்குப் போய்விட்டேன். நின்று பார்க்க முடியவில்லை. அந்த இடிபாட்டில் ஒரு துண்டையும் ஜெயதீபன் புது வீட்டுக்குள் விடவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்கையில், மழைக்குத் தண்ணீர் தேங்குமே அந்தப் பள்ளத்தில், கொட்டி நிரவிவிட்டார். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன்பெட்டிச் சைக்கிள்களும் அதன்மேல்தான் போய்வருகிறார்கள். வரும் மாரிக்கு ஒருவருக்கும் கால் நனையாது. உங்கள் வீடு இன்னும் ஊருக்கு உதவுகிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும் போல் இருந்தது.

ஒரு விசயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த வீட்டுக்கு நீங்கள் தீவுக் கரையிலிருந்து கடல் மணலைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தபோது ஊர் முழுக்க வந்து இறக்கியது. இடம்பெயர்ந்து திரும்பின கையோடு, ஆற்று மணலைக் கண்ணாலும் காணக் கிடைக்காத நேரம். கிறகோரி அண்ணை தோளில் சுமந்தார். கெட்டிக்காரன் என்று உங்களைப் புகழாத வாய் இல்லை. கடல் எங்களுக்கு மீனும் தந்தது, வீடும் தருகுது என்று கோயிலில்கூடச் சொன்னார்கள். அதிலுள்ள உப்பு கூரைக்குள் கம்பியைத் தின்றுவிடும், வேண்டாம் என்று சொல்ல அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது விசரன் என்று சொல்லமட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.

இதற்கு மேல் எழுதினால் அழுதுவிடுவேன். தபால் கந்தோர் பூட்டப்போகிறார்கள். உடம்பைப் பாருங்கள்.

பெர்னடெட்


குருநகர்,
ஆவணி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள்

என் அன்புக்குரிய ஜெசிதாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் உங்கள் கையெழுத்தில் எனக்கு வந்த முதல் கடிதம். முழுக்க நாலு வரி. அதில் மூன்று வரி கருவாட்டைப் பற்றி. கடைசி வரியில், "உண்மையாய் அவர் கேட்கேல்லையா?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இல்லையப்பா, எந்த விசரன் கட்டினது என்று ஜெயதீபன் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. நான் சத்தியமாகச் சொல்லுகிறேன்.

இனி இதைக் கேளுங்கள். கூரைக் கொங்கிறீற் ஆனி மாதம் போட்டார்கள். போட்டதன் பிறகு அதன்மேல் வரம்பு கட்டித் தண்ணீர் விட்டு ஊறவைக்கவேண்டும். வெயிலில் காயவிட்டால் வெடித்துவிடும். நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்பது ஜெயதீபனின் ஒற்றைக்கால் பிடி. எங்கள் கிணறு உவர். ஆகையால் பவுசர் லொறியில் தண்ணீர் எடுத்தோம். காலையும் பின்னேரமும் ஊற்றுகிற வேலையை நானும் ஜெசிதாவும் ஏற்றுக்கொண்டோம். ஜெயதீபன் அவளுக்கென்று சின்ன வாளி ஒன்று வாங்கி வந்தார். அவள் ஏணியில் ஏறுவாள், கூரைக்கு மேலே நிற்பாள், அதில் பயமில்லை. கூரைக்குக் கீழே மட்டும் போகமாட்டாள். அடியில் முட்டுக்கால்கள் காடு மாதிரி நிற்கின்றன. அவள் சுவருக்கு வெளியால் சுற்றி வருவாள்.

ஒரு நாள் பவுசர் வரவில்லை. வெயில் கொளுத்துகிறது. நான் பூட்டு வாங்க ரவுணுக்குப் போயிருந்தேன். கூரை காய்கிறதைக் கிறகோரி அண்ணை கண்டுவிட்டார். பாவம், நல்ல மனசு. உங்கள் படகில் தொழிலுக்கு வந்த பெடியள் எல்லோரையும் கூப்பிட்டு, கிறிஸ்ரோபர் இல்லாத இடத்திலை நாங்கள்தானே பாக்கவேணும் என்று சொல்லி, கரையிலிருந்து வீடு வரைக்கும் வரிசையாக நிறுத்தி வாளி கைமாற்றத் தொடங்கிவிட்டார். என்ன தண்ணீர் என்று கேட்கிறீர்களா? வேறு என்ன, கடல் தண்ணீர்! கடலில் பிறந்து கடலில் வளர்ந்த சனத்துக்கு அது தண்ணீர் இல்லாமல் வேறு என்ன?

ஏணி உச்சியில் உங்கள் மகள் நின்றிருக்கிறாள். முதல் வாளி அவளிடம் வந்தது. அவள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஜெயதீபன் அன்றைக்குச் செய்ததைப் பார்த்து, அன்றிலிருந்து பவுசர் தண்ணீரையும் ஒவ்வொரு வாளியாக நக்கிப் பார்த்துத்தான் ஊற்றுகிறாள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். உப்பு என்று ஒரு கத்துக் கத்தினாளாம். வாளியை அப்படியே கவிழ்த்தாள். கீழே நின்ற கிறகோரி அண்ணை தலை தொடங்கிக் கால் வரைக்கும் நனைந்துபோனார். ஏணியை விட்டு இறங்கமாட்டேன், ஒருத்தரும் ஏறக்கூடாது என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பெடியள் சிரித்திருக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. எங்கடை வீட்டுக்குக் கடல் வேண்டாம், அப்பா பாவம் என்று சொல்லி அழுதாளாம்.

நான் வந்தபோது அண்ணை நனைந்த சாரத்தோடு படியில் இருந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பெர்னடெட், நாங்கள் அண்டைக்கும் இதைத்தானே செய்தனாங்கள் என்றார். சாரத்தைப் பிழிந்துகொண்டு எழும்பிப் போனார். ஒரு மணித்தியாலத்துக்குள் பவுசரோடு வந்து நின்றார். எங்கே பிடித்தாரோ, எப்படிப் பிடித்தாரோ தெரியாது.

அடுத்த சண்டை எனக்கும் ஜெயதீபனுக்கும். ஆடி மாதக் கோயில் திருநாளுக்கு முன் குடிபுக வேண்டும் என்று எனக்கு ஆசை. பலகையைக் கழற்றுங்கள் என்றேன். பொறுங்கோ அக்கா என்றார். மற்ற மேசன்மார் இதற்குள் கழற்றியிருப்பார்கள் என்றேன். அவை கழட்டுவினம், படுக்கிறது நானல்லோ என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அடைக்கலநாதனைக் கூப்பிட்டு நானே தட்டுவிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மீசையைக்கூட நீவவில்லை. தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, அப்ப அவரையே படுக்கச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஒழுங்கை முடக்கு வரைக்கும் நான் அவருக்குப் பின்னால் ஓடி, நாள் உங்கள் கையில்தான் என்று சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தேன், தெரியுமா? குருநகர் முழுவதும் பார்த்தது. பதறாத காரியம் சிதறாது என்று எங்கள் அம்மா எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார். திருநாள் வலைக்கொட்டிலிலேயே நடந்தது. ஒன்றும் குறைந்துபோகவில்லை.

கடைசியில் போன சனிக்கிழமை என்று அவரே நாள் சொன்னார். காலையிலிருந்து முட்டுக்கால்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பலகை விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். ஜெசிதா ஒழுங்கையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள், உங்கள் பழைய வீட்டின் துண்டுகளுக்கு மேலேயேதான். எல்லாம் எடுத்து முடிந்தபின் பார்த்தால், என்ரை மாதாவே, அகலமாக, வெறுமையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் ஒரு முகடு!

மத்தியானம் ஜெயதீபனின் மனைவி இராசாத்தி பாயும் தலையணையும் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இறங்கும்போதே புறுபுறுப்பு. ஊரிலை மனிசிமாரை நகைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவினம், உந்த மனிசன் சீமெந்துக்குக் கீழை படுக்கக் கூட்டிக்கொண்டு வந்திருக்குது என்றார். ஜெயதீபனுக்கு மீன் ஒத்துவராது என்று நான் முருங்கைக்காய்க் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்திருந்தேன். இராசாத்தி குசினிக்குள் வந்து மெல்லிய குரலில், நண்டு இருக்கோ அக்கா என்று கேட்டார். இருந்தது. உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார். புருசன் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பியிருந்து சாப்பிட்டார். இப்படியும் ஒரு சோடி!

பிறகு இருவரும் நடு அறையில் பாயை விரித்துப் படுத்தார்கள். ஜெயதீபன் நேர் நடுவில் படுத்தார், நான் கேட்காமலே. கொஞ்ச நேரத்தில் குறட்டை தொடங்கியது. இராசாத்தியின் குறட்டைதான். அந்த நித்திரையை யாரும் நடிக்க முடியாது.

நான் வாசலில் இருந்தேன். ஜெசிதா யன்னலுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். நான் வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று வாயைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு கொட்டிலுக்குள் போனாள். திரும்பி வரும்போது அவளுடைய பாய் கையில் இருந்தது. வாசற்படியில் தலையை உள்ளேயும் காலை வெளியேயும் வைத்துப் படுத்தாள். முகட்டைப் பார்த்தபடியே கிடந்தாள். கொஞ்சம் உள்ளே நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம். கடைசியாக இராசாத்தியின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். அந்த மனிசி நித்திரையிலேயே கையைத் தூக்கி அவள்மேல் போட்டது.

உங்கள் மகள் நித்திரையாகிவிட்டாள். கொங்கிறீற்றுக்குக் கீழே. வாயைத் திறந்துகொண்டு, எச்சில் வடிய. நான் அழுதேன். சந்தோசத்தில் அழுகிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அது இப்படித்தான் இருக்கும் என்று தெரியாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல், அவர்கள் எழும்பும்வரை அழுதேன்.

இந்த ஞாயிறு பூசைக்கு அவள் கோயிலுக்கு உள்ளே வந்தாள். பின்வரிசைதான். ஆனால் உள்ளே.

எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். சனிக்கிழமை அந்த மத்தியான நித்திரை விட்டெழும்பினவுடன் அவள் என்னைக் கேட்டாள், அம்மா, வள்ளம் கட்டினவை எல்லாரும் ஏறவேணும் எண்டது அம்மப்பாவின்ரை சட்டமெல்லோ? ஓம் என்றேன். அப்ப இன்னும் ஒராள் படுக்கேல்லை என்றாள். என்னைச் சொல்லுகிறாள் என்று நினைத்து, நானும் படுக்கிறேன் என்றேன். உங்களை இல்லை, அப்பாவை என்றாள். அப்பாவும்தானே இந்த வீட்டைக் கட்டினவர், அவர் அங்கை வெயிலுக்கை நிண்டுதானே கட்டினவர் என்றாள்.

அவளே உங்கள் பாயைக் கொட்டிலிலிருந்து எடுத்துவந்து தட்டி, அவள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் விரித்துவிட்டாள். தலைமாட்டில் உங்கள் நீலச் சாரம் மடித்து வைத்திருக்கிறது. அதை ஒருவரும் மிதிக்கக்கூடாது. கிறகோரி அண்ணை தெரியாமல் அதில் இருக்கப்போய் ஏச்சு வாங்கினார். நான் அதைச் சுற்றித்தான் கூட்டுகிறேன்.

ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். முதல் மழைக்கு அவள் பயப்படுவாள், எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான், உங்களுக்கும் பயம்தான். மூன்று பேரும் ஒரே முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்தால் அந்தப் பயம் போய்விடும். லீவு கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால் திரும்பக் கேளுங்கள். வந்தால் பழைய கதை ஒன்றும் இந்த வீட்டுக்குள் வராது. அதை நான் ஒழுங்கையில் கொட்டி நிரவிவிட்டேன்.

கட்டினவர்கள் எல்லோரும் ஏறாமல் வள்ளம் ஓடாது. கடலின் நட்சத்திரமான தாய் உங்களை இந்த வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு வரட்டும். வாசலிலிருந்து பாய்வரைக்கும் பிள்ளை கூட்டிக்கொண்டு வருவாள்.

உங்கள் பாயைத் தினமும் தட்டி விரிக்கும்
பெர்னடெட்